ஓடைக்குப் போகிற தீதி

தீதியிடம் மழை வருமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. வாசல்வரை வந்து வானத்தைப் பார்ப்பார். "மேற்கே கருத்திருக்கு. காத்து இல்லை," என்பார். குடை எடுப்பதா வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த மூன்று மாடி வீடு. தரைத்தளத்தில் தீதி. முதல் மாடியில் நாங்கள். அதற்கு மேலே ஒரு மாமியும் அவர் கணவரும். தீதி தமிழ்க்காரர்தான், அவருடைய தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஆனால் சந்து முழுக்க அவரை வங்காளத்தில் தீதி, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டது. அவரைவிட இரண்டு வயது மூத்த என் கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார். தீதி தமிழில் பேச ஆரம்பித்து, பாதியில் ஒரு சொல் கிடைக்காமல் நின்று, வங்காளத்தில் முடிப்பார். "உன் தமிழ் நன்னா இருக்கு. ‘சொல்லுதீங்க’ன்னு சொல்றே பாரு, அது," என்று என் திருநெல்வேலிப் பேச்சைச் சிரிக்காமல் பாராட்டுவார்.

அவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது மேல்வீட்டு மாமி. இளவயதில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பெண் பாடுவாளா என்று கேட்டதற்கு, அம்மா "நன்னாப் பாடுவா" என்றாராம். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்த பெண், "ரெண்டு பாட்டு தெரியும். ரெண்டுலயும் ஸ்ருதி சேராது," என்றதாம். அடுத்து வந்தவர்களிடம், சமைப்பாளா என்ற கேள்விக்கு, "ரசம் மட்டும். அதுவும் அம்மா பக்கத்துல நின்னா." மூன்றாவது வரன் வரவே இல்லையாம்.

"அசடு," என்று முடித்தார் மாமி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்கும் காரணம் இருந்தது. முந்தைய வருஷம் மாமியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தீதி போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அப்பா தேறிவிடுவார் இல்லையா என்று மாமி கேட்டதற்கு, "பாதம் ரெண்டும் வீங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரியலை," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "தேறிடுவார்னு ஒரு வார்த்தை. வாயில என்ன முத்தா உதிர்ந்துடும்?" என்று மாமி என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்.

மாமி சொன்னது நியாயம்தான் என்று நானும் நினைத்தேன். நான் வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தது அந்த ஊருக்குப் போன இரண்டாம் வருஷம்.

என் கணவருக்குப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் இயந்திரங்களை நிறுவிக் கொடுக்கும் வேலை. மாதத்தில் இருபது நாள் துர்காபூர், தன்பாத் என்று வெளியூரில் இருப்பார். எனக்கு வங்காளம் தெரியாது. அந்த வீட்டுக்கு வெளியே பேசுவதற்கு ஆள் கிடையாது. அந்த நிலையில்தான், கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு உண்டான கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். அடுத்த வருஷம் இதே நேரம் கையில் குழந்தை இருக்கும் என்றார்கள். என் அம்மா தொலைபேசியில் அதையே சொன்னாள். மருத்துவர்கூட அதைத்தான் சொன்னார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நான் தலையாட்ட வேண்டியிருந்தது. அதுதான் பெரிய வேலையாக இருந்தது.

தீதி ஒரு மாலை அலுவலகத்திலிருந்து நேராக மேலே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானே கேட்டேன். "எனக்கு இனிமேல் குழந்தை பிறக்குமா தீதி?"

"எனக்குத் தெரியாது."

அதைக் கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் தேற்றவில்லை. அழுது முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பல நாளைக்குப் பிறகு அன்று நான் தூங்கினேன். போகும்போது கதவருகே நின்று, "ஞாயித்துக்கிழமை நான் ஒரு எடத்துக்குப் போவேன். நடக்க முடிஞ்சா நீயும் வா. பார்க்கறதுக்குப் பெரிசா ஒண்ணும் இருக்காது," என்றார்.

பெரிதாக ஒன்றும் இல்லைதான். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் தெற்கே போகிற லோக்கல் ரயிலைப் பிடித்து ஒரு மணி நேரம். இறங்கிய பின் தண்டவாளத்தை ஒட்டியே அரை மைல் நடை. அங்கே ஒரு சின்னச் செங்கல் பாலத்துக்கு அடியில் ஓர் ஓடை போய்க்கொண்டிருந்தது. ஓடைக்குப் பெயர் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் ‘கால்’ என்றார்கள். "தமிழ்லயும் அதே பேர்தானே? வாய்க்கால்," என்றார் தீதி. அந்தச் சொல் ஒன்றாக இருப்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவர் வேலை பார்த்தது வரைபடங்கள் வரையும் ஓர் அரசு அலுவலகத்தில். ஊர் ஊராகப் போய் அளந்து வருகிறவர்கள் வேறு. அவர்கள் கொடுக்கும் கணக்கை வைத்து மேசையில் உட்கார்ந்து கோடு போடுவது இவர் வேலை. "எத்தனையோ ஆறு வரைஞ்சிருக்கேன். ஒண்ணுலயும் கால் நனைச்சதில்லை," என்பார். ஒரு தடவை, கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது சிக்னலுக்காக ரயில் அந்தச் செங்கல் பாலத்தின்மேல் நின்றிருக்கிறது. ஜன்னல் வழியே கீழே பார்த்தால் தண்ணீர் ஓடுகிறது. மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பகுதியின் வரைபடத்தை எடுத்துத் தேடியிருக்கிறார். அந்த இடத்தில் கோடே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கிவிட்டார். நான் அவருடன் போக ஆரம்பித்தபோது அவர் அங்கே போய்வர ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

முழு ஓடையும் மூன்று மைல்தான் இருக்கும். ஒரு கொய்யாத் தோப்புக்குப் பின்னால், வயல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு பள்ளத்தில் தண்ணீர் கசிந்து சேர்ந்து கிளம்புகிறது. ஓர் ஆள் தாண்டிவிடக்கூடிய அகலம். ரயில் பாலத்தைக் கடந்ததும் மூங்கில் புதர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே இரண்டு கரையிலும் ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை. பிறகு ஆகாயத்தாமரை அடைத்த ஓர் அகலமான துண்டு. கடைசியில் ஒரு மதகின் வழியாகப் பெரிய கால்வாயில் போய் விழுகிறது. சித்திரை வைகாசியில் அறுந்து அறுந்து குட்டைகளாகக் கிடக்கும். மழை பெய்தால் வயலுக்கும் ஓடைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்ததும் தீதி அதை முதலிலிருந்து கடைசிவரை நடந்து, புதிதாக வரைவார். வளைவு இரண்டு அடி நகர்ந்திருந்தால் படத்திலும் நகரும்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பார்த்ததை மட்டும் எழுதுவார். மீன்கொத்தி இரண்டு, ஒன்று வெண்மார்பு, இன்னொன்று கறுப்பு வெள்ளை. உடும்பு ஒன்று, நீந்திக் கரையேறியது, வாயில் தேளி மீன். நத்தைகுத்தி நாரை நான்கு. இப்படி. ஒருநாள் ஆகாயத்தாமரைமேல் நடந்துபோன ஓர் இலைக்கோழியைக் காட்டி, "எத்தனை கால்?" என்று கேட்டார். எண்ணினேன். என் கண்ணை நம்ப முடியவில்லை. அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மூன்று வருஷம் முன்பு முதல்முறை பார்த்தபோது நோட்டில், ‘பறவை ஒன்று, கால்கள் ஆறு’ என்று எழுதியிருக்கிறார். நான்கு வாரம் கழித்துத்தான், அது அப்பா பறவை என்பதும், இரண்டு குஞ்சுகளை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு நடந்தது என்பதும், தொங்கியது குஞ்சுகளின் கால்கள் என்பதும் புரிந்ததாம்.

"அந்த வரியை அடிக்கலையா தீதி?"

"ஏன் அடிக்கணும்? அன்னிக்கு நான் பார்த்தது ஆறு கால்தானே?"

அந்தக் கரையில் அவரிடம் பேசுகிற மனுஷி ஒருத்தி உண்டு. ஓடையில் மூங்கில் பறி போட்டுச் சின்ன மீன்களும் நத்தையும் பிடித்து, ஸ்டேஷன் சந்தையில் விற்கிறவள். நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், அண்ணி என்று பொருள். தீதி மீன் சாப்பிடாதவர் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஓடையோரத்தில் படர்ந்திருக்கும் வள்ளைக்கீரையைக் கிள்ளிக் கட்டி வைத்திருப்பாள். என்னிடம் ஜாடையில் பேசுவாள். எனக்கு வங்காளம் வந்தது அவளிடமும் தீதியிடமும்தான். நான் பிழையில்லாமல் சொல்லக் கற்ற முதல் வாக்கியம், ‘ஆமி தேகேச்சி’. நான் பார்த்தேன் என்று அர்த்தம். தீதி வாயில் அதிகம் வருவது அதுதான்.

எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஐந்தாறு வருஷம், முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நான் அந்த ஓடைக்குப் போனேன். ரயிலில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனால் வாரத்தின் மற்ற ஆறு நாளையும் அந்த ஒரு நாளைக் கொண்டுதான் தள்ளினேன்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய பிறகு ஒரு கார்த்திகை மாதம் போனபோது, வளைவுக்குப் பக்கத்தில் பெரிய சிமெண்ட் குழாய்கள் இறங்கியிருந்தன. கல்கத்தாவில் யாரோ ஒருவர் இரண்டு கரை நிலத்தையும் வாங்கிவிட்டார், ஓடையைக் குழாய்க்குள் விட்டு மேலே மண்ணைக் கொட்டி மட்டமாக்கி மனை போடப்போகிறார் என்றாள் பௌதி. அனுமதி கேட்டிருக்கிறாராம். "குழாய்க்குள் பறி வைக்க முடியுமா தீதி?" என்று கேட்டாள்.

தீதி வீட்டுக்கு வந்து ஒரே வாரத்தில் வனத்துறைக்கு மனு எழுதினார். இத்தனை வருஷத்துப் படங்களையும் பிரதி எடுத்து இணைத்தார். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பதில் இல்லை. மறுபடி எழுதினார். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வனத்துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் ஓடைக்கரைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர். நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் அருமையா இருக்கு. ஆனா மீன்கொத்தியும் நாரையும் எல்லா இடத்திலும் இருக்கு. பாக்ரோல் இருக்கா இங்கே?"

பாக்ரோல் என்றால் மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப்போல் இரண்டு பங்கு இருக்கும், தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும், கோரைக்குள் ஒளிந்திருக்கும். குறைந்துகொண்டே வருகிற மிருகம். அது இருக்கிறது என்று எழுதினால் ஓடையை மூடுகிற அனுமதிக்குத் தன் மேலதிகாரி அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். "நீங்க பார்த்திருக்கீங்களா?"

"காலடி பதினோரு தடவை," என்றார் தீதி. "நகம் லேசாப் பதிஞ்சிருக்கும். நாய்க்கும் பதியும். தின்னுட்டுப் போட்ட விரால் தலை மூணு. எச்சத்துல செதில் இருந்தது. பூனையைப் பார்த்ததில்லை."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"பார்க்கலை."

"தீதி," என்று அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டார். "அது இங்கே இருக்குன்னு எனக்கும் தோணுது. உங்களுக்கும் தோணுது. காலடியை வச்சு நான் எழுத முடியாது. பார்த்தேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க."

தீதி மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்தார். பௌதி தரையில் குந்தியிருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் தீதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார்.

"ஆமி தேகேச்சி," என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள். எப்போது என்று அதிகாரி கேட்டார். முந்தைய வருஷம், மழை நின்ற பிறகு, காலையில் என்றேன். எங்கே என்றார். வளைவுக்கு இந்தப் பக்கம், கோரை ஆரம்பிக்கிற இடத்தில் என்று கையை நீட்டினேன். சாம்பல் நிறம், வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி, குட்டை வால். எல்லாம் தீதி எனக்கு எப்போதோ சொன்னவைதான்.

அதிகாரி மறுபடி பேனாவை எடுத்தார். தீதி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீங்க கூட இருந்தீங்களா?"

தீதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்ந்துதான் வந்தோம். நான் வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். இவ இங்கே என்ன பார்த்தான்னு என்னால சொல்ல முடியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். பௌதி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

திரும்பும்போது ரயிலில் தீதி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்டேஷன் போனது.

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லை," என்றார்.

"இல்லை தீதி."

இன்னும் ஒரு ஸ்டேஷன் போனது. "அதான் பயமா இருக்கு," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கீழே போய்க் கதவைத் தட்டினேன். வழக்கமாக அந்த நேரத்துக்குக் குடையும் துணிப்பையுமாக வாசலில் நிற்பார். அன்று வீட்டுப் புடவையில் வந்து திறந்தார்.

"நான் வரலை. நீ போயிட்டு வா."

"என்மேல கோபமா? பௌதி மூஞ்சியைப் பார்த்தீங்கல்லா? எனக்கு வேற வழி தெரியலை தீதி."

"உன்மேல கோபம் இல்லை." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இனிமே ‘பார்த்தேன்’னு எழுதினா அதை முதல்ல நான் நம்பணுமே."

திரும்பி மாடி ஏறினேன். பாதிப் படியில் மனசு மாறி, இறங்கி, தனியாகவே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பௌதி, "தீதி எங்கே?" என்று கேட்டாள். ஜலதோஷம் என்றேன். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. அவள் கீரைக்கட்டைக் கொடுத்தனுப்பினாள். கொண்டுவந்து தீதியிடம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். உள்ளே போகாமல் நின்றார். "தண்ணி எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார்.

"கணுக்காலுக்கு மேல."

"பாலத்துக்கிட்டயா, வளைவுலயா?"

வளைவில் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. நான் போவேன், பார்ப்பேன், அவர் வாசலில் நின்று சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். எழுதிக்கொள்வதில்லை. நோட்டுகள் அலமாரியில் இருந்தன. சிமெண்ட் குழாய்கள் ஒரு வருஷம் கரையிலேயே கிடந்தன. ஆடுகள் அவற்றுக்குள் படுத்துத் தூங்கின. பிறகு ஒரு நாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. என் பொய்யால் அது நடந்ததா, நிலம் வாங்கியவருக்கே வேறு ஏதாவது தோன்றிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அந்தச் செய்தியைச் சொன்னபோது தீதி, "அப்படியா," என்றார். கதவைச் சாத்தவும் இல்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அவர் அலுவலகத்துக்குப் போனார், வந்தார், ரசம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு ஜன்னல் நாள் முழுக்கத் திறந்திருக்கும். அவர் அதற்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். ஓர் ஓடையைக் காப்பாற்றி அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்று அந்த ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பிறகு என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு சொல்லிக்கொள்ளப் போனேன். தீதி குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து நீட்டினார்.

"லெட்டர் போடுவீங்களா தீதி?"

யோசித்தார். "தெரியாது," என்றார்.

மாமியாக இருந்தால் வாரம் ஒன்று போடுகிறேன் என்று சொல்லியிருப்பார். நான் சிரித்துக்கொண்டே டாக்ஸியில் ஏறினேன். ஹௌரா பாலம் வருவதற்குள் அழுதுவிட்டேன்.

திருச்சியிலிருந்து நான் நான்கு கடிதம் போட்டேன். பதில் இல்லை. எட்டு மாதம் கழித்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. முகவரி ஆங்கிலத்தில், வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற அச்சுப்போன்ற எழுத்தில். உள்ளே தமிழ், அங்கங்கே எழுத்துப் பிழையோடு. நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல் தொடங்கியது.

‘போன ஞாயிற்றுக்கிழமை போனேன். தண்ணீர் பாலத்தடியில் முழங்கால், வளைவில் தொடை. வளைவு கிழக்கே ஓரடி நகர்ந்திருக்கிறது. மீன்கொத்தி ஒன்று. இலைக்கோழி இரண்டு, கால்கள் நான்கு. பௌதி உன்னைக் கேட்டாள். திருச்சி போய்விட்டாள் என்றேன். திருச்சி எவ்வளவு தூரம் என்றாள். இரண்டு நாள் ரயில் என்றேன். அவள் பறியைத் தூக்கிப் பார்த்தாள்.’

அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, வேறொரு நாள் எழுதியதுபோல் வேறு மையில் இரண்டு வரி இருந்தது.

‘போகும்போது ரயிலில் பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தேன். ஒரு பெண் வந்து ஆள் வருகிறதா என்று கேட்டாள். வருகிறாள் என்று சொல்லிவிட்டேன்.’